ஆற்றிலே போட்டது

தம்பி பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்திருந்த மடிக்கணினியை இரவு ஒன்பதரை மணிக்குத் திறந்தேன். திரையின் மூலையில் மாலை 4 மணி என்றிருந்தது. பழுது என்று நினைத்தேன். அவன் சிரித்தான். அதற்குள் லினக்ஸ், விண்டோஸ் என்று இரண்டு இயங்குதளங்கள். கடிகாரம் ஒன்றுதான். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தைக் குறித்துவைத்து, ஐந்தரை மணியைத் தானே கூட்டிக்கொள்கிறது. விண்டோஸ் அதே எண்ணை உள்ளூர் நேரமென்று எடுத்துக்கொள்கிறது. இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை.

எதற்கு இரண்டு என்று கேட்டேன். பிழைப்புக்கு லினக்ஸ், விளையாட்டுக்கு விண்டோஸ் என்றான். 2018-ல் புரோட்டான் வந்த பிறகு விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டுகள் பலவும் லினக்ஸிலேயே ஓடுகின்றன. ஆனால் அவன் சிநேகிதர்கள் கூடி ஆடும் வாலரன்ட் ஓடாது. அதில் கள்ள ஆட்டம் பிடிக்கும் காவல் நிரல் விண்டோஸின் கருவுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. வேறு வீட்டில் அது குடியேறாது. அந்த ஓர் ஆட்டத்துக்காக வட்டில் பாதியை ஒதுக்கியிருக்கிறான். 'ரெண்டும் என்னுதுதாண்ணே' என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

எங்கள் வீட்டுக்கு முதல் கணினி 2012-ல் வந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவசத் திட்டத்தில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த தம்பிக்குக் கிடைத்தது. 320 ஜிபி வட்டு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே இருந்தன. இரட்டை வாழ்க்கையை அரசாங்கமே பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தது. பெரும்பாலான வீடுகளில் லினக்ஸ் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் நான் திறந்தேன்.

அப்பா பீங்கான் பட்டறையில் அச்சு வார்ப்பவர். நான் இன்னொரு பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் எத்தனை உருப்படி, எத்தனை உடைசல் என்று பகல் முழுக்க எண்ணிவிட்டு, ராத்திரி தம்பி தூங்கிய பிறகு லினக்ஸ் பக்கத்தில் கவிதை எழுதுவேன். சாயங்காலம் அவன் விண்டோஸ் பக்கத்தில் வைஸ் சிட்டி ஆடுவான். ஒரே சூளைதான், வேளைதான் வேறு. பொம்மைக்கான சூட்டில் ஃபியூஸ் கட்டை வேகாது. சில மாதங்கள் இப்படி ஒழுங்காகவே போயிற்று.

இந்த ஏற்பாட்டில் ஒரு சமமின்மை இருந்தது. எனக்கு அது தெரிந்தும் இருந்தது. லினக்ஸிலிருந்து விண்டோஸின் கோப்புகளைப் பார்க்கலாம். விண்டோஸுக்கு லினக்ஸ் பக்கம் இருப்பதே தெரியாது. கணினியைத் தட்டியதும் எந்தப் பக்கம் போவது என்று கேட்கிற க்ரப் என்ற நிரலும் லினக்ஸ் பக்கத்தில்தான் குடியிருக்கிறது. அவன் பக்கத்தை அழித்தால் என்னுடையது திறக்கும். என்னுடையதை அழித்தால் இரண்டுமே திறக்காது. யந்திரம் அவனுடையது, வாசல் என்னிடம் இருந்தது.

அரைப் பரீட்சையில் அவனுக்குக் கணக்கில் மார்க் குறைந்தது. அன்று ராத்திரி விண்டோஸ் பகுதியை முழுவதுமாக அழித்தேன். அவனுடைய நன்மைக்கு என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் பாடக் குறிப்புகளைத் தனியே எடுத்துவைத்த நான், ஆட்டத்தில் அவன் சேமித்திருந்த கோப்பை மட்டும் எடுத்துவைக்கவில்லை. மறந்ததல்ல.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுந்தரர் கதை தெரியும். திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். நகைப்புக்கிடமான காரியம், ஆனால் பொன் கிடைத்தது. தம்பியும் மறுநாள் அப்படித்தான் தேடினான். லினக்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு அடைவாகத் திறந்து பார்த்தான். 'பென் டிரைவ்ல எங்கயாவது வெச்சிருக்கியாண்ணே?' என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'நீ எழுதினத நான் அழிச்சிருந்தா?' என்றான்.

அதுவும் இதுவும் ஒன்றா என்றேன். அப்பா திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். 'பச்சையா இருந்தா கரைச்சு மறுபடியும் ஊத்திக்கலாம். வெந்தத ஒண்ணும் பண்ண முடியாது' என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

அதுவும் இதுவும் ஒன்றா என்ற கேள்வியை இலக்கியக்காரன் ஒருவன் அவ்வளவு சுலபமாகக் கேட்டிருக்கக் கூடாது. கவிதைக்கு உலகத்தில் உபயோகம் உண்டா என்று யாராவது கேட்டால், உபயோகம் ஓர் அளவுகோலே அல்ல என்று வாதிடுகிறோம். நானும் வாதிட்டிருக்கிறேன். அதே வாதம் தம்பியின் ஆட்டத்துக்கும் பொருந்தும் என்பது அன்று தோன்றவில்லை, தோன்றாமல் பார்த்துக்கொண்டேன். அவன் மண்ணைப் பிசைந்து ஒரு நகரத்தில் மூன்று மாதம் வாழ்ந்திருந்தான். நான் அந்த வருஷத்தில் எழுதியவற்றில் இரண்டு அச்சாயின. மற்றவை எனக்கே நினைவில் இல்லை. அந்த ஆட்டத்தில் எந்தக் கட்டத்தில் நின்றான், கையில் எவ்வளவு பணம், எந்தக் கார் கொட்டகையில் இருந்தது என்று அவன் இன்றைக்கும் சொல்லுகிறான்.

கடிகாரத்தைச் சரிசெய்ய வழி இல்லையா என்று கேட்டேன். ஒரு வரிக் கட்டளை போதும், போடவில்லை என்றான். மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்பு என்று தொடங்கினால், 'அதெல்லாம் எப்பவோ' என்று சொல்லிவிடுவான் என்று தெரியும். ஆகவே இங்கே எழுதுகிறேன். இதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. இந்தப் பத்திரிகையை அவன் படிப்பதில்லை.