பத்துக் கிலோமீட்டர் வாடிக்கை

2020 மார்ச் 18, புதன்

பினாங்கின் கெப்பாலா பத்தாஸில் சிறுதொழில் என்றால் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கைகளுக்குள் அடங்கிவிடுவது. மளிகைக் கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தகம், பூக்கடை, வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் அக்கா. ஆண்டு விற்பனை 300,000 ரிங்கிட்டுக்குக் கீழ், அல்லது முழுநேர ஊழியர் 5 பேருக்குக் குறைவு என்றால் அரசாங்கக் கணக்கில் அது நுண்தொழில். விளம்பரத்துக்கென்று இவர்கள் தனியாகப் பணம் ஒதுக்குவது அபூர்வம். நல்ல இடம், வாய்ப்பேச்சு, தெரிந்தவருக்குக் கடன் ஆகிய மூன்றில்தான் வியாபாரம் வளர்ந்தது. கொரோனா பரவலால் இன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்துவிட்டது. சாலையில் ஆள் இல்லாதபோது முச்சந்திக் கடைக்கும் மூலைக் கடைக்கும் ஒரே விலைதான். வாய்ப்பேச்சுக்கும் ஓர் இடம் வேண்டும். கோயில் வாசல், பள்ளி வாசல், தேநீர்க் கடை மேசை எல்லாம் மூடிக் கிடக்கின்றன. மூன்றில் மிஞ்சியது கடன் மட்டும்.

மார்ச் 20, வெள்ளி

பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை இல்லை. அதை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு இன்று வருமானமும் இல்லை.

ஏப்ரல் 1, புதன்

புதிய விதிப்படி, சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே வரலாம், அதுவும் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள். சாப்பாட்டுக் கடைகள் காலை 8 முதல் இரவு 8 வரை, பொட்டலம் மட்டும்.

கெப்பாலா பத்தாஸை நடுவில் வைத்து அந்த வட்டத்தை வரைந்தால் பெர்த்தாம், பெனாகா, தாசேக் குளுகோர் உள்ளே வருகின்றன. பட்டர்வொர்த்தும், மூடா ஆற்றுக்கு அப்பால் உள்ள சுங்கை பட்டாணியும் வெளியே நிற்கின்றன. வாரக் கடைசியில் காரை எடுத்துக்கொண்டு பேரங்காடிக்குப் போனவர்கள் இனி உள்ளூர்க் கடையில்தான் பருப்பு வாங்க வேண்டும். "உங்கள் சந்தை எது?" என்பது வணிகப் பயிற்சிகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி. அதற்கு இங்கே யாரும் எழுதிப் பார்த்திராத விடையை அரசாங்கமே வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது.

அந்த வட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் சரக்கும் விலையும் அமைய வேண்டும். வயல் சூழ்ந்த மலாய்க் கம்பங்கள், டவுன் சீனக் குடும்பங்கள், தோட்டத்திலிருந்து தாமான் எனும் குடியிருப்புகளுக்கு இறங்கிவந்த தமிழர்கள், பெர்த்தாமில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். அரசாங்க அலுவலகங்கள் உள்ள ஊர் என்பதால், மாதக் கடைசியில் சம்பளம் இறங்கும் நாள் கடைக்காரருக்கும் முக்கியம். வயல்காரர் கையில் காசு புரள்வதோ ஆண்டுக்கு இரண்டு அறுவடையின்போது. இரண்டு நாட்காட்டிகளையும் சுவரில் மாட்டாமல் தள்ளுபடி அறிவிக்கும் கடை இருட்டில் கல்லெறிகிறது. தமிழில் மட்டும் விளம்பரம் எழுதுகிற கடையோ வட்டத்துக்குள் பெரும்பான்மையோரை அழைக்கவே இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

நுண்தொழில்களுக்குத் தலா 3,000 ரிங்கிட் சிறப்பு மானியம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தொழில் அரசாங்கப் பதிவில் இருக்க வேண்டும். பதிவில்லாமல் பத்து ஆண்டு வடை சுட்டவர், அரசாங்கத்தின் கண்ணில் ஒரு நாள்கூடச் சுட்டதில்லை. பதிவைச் சந்தை உத்தி என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் கடைப் பெயரில் வங்கிக் கணக்கு, பொருள் வாங்கும் நிறுவனத்துக்குத் தர ரசீது, தெக்குன் நேஷனல் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்கென உள்ள ஸ்புமி கடன் எல்லாமே அந்த ஒரு தாளிலிருந்துதான் தொடங்குகின்றன.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் புத்தாண்டு. கோயில் திறக்கவில்லை. பூக்கடையும் திறக்கவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

நோன்பு மாதம் தொடங்கிவிட்டது, ரமலான் சந்தைகள் இல்லை. எல்லோரும் உணவு விநியோகச் செயலிகளைப் பற்றியே பேசுகிறார்கள். அவற்றின் கமிஷன் 30 விழுக்காடு வரை போகிறது. சேர்வதா வேண்டாமா என்பதை ஆர்வம் முடிவு செய்யக் கூடாது, கணக்குதான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு சாப்பாடு 10 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், அரிசி, காய், கோழி, எண்ணெய்க்கு 4.50, டப்பா, பைக்கு 60 சென், கமிஷன் 3 ரிங்கிட். மிச்சம் 1.90. வாடகை, எரிவாயு, சமையற்காரர் சம்பளம், முதலாளியின் வீட்டுச் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதே சாப்பாட்டை வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்லிவைத்துவிட்டு நேரில் வந்து வாங்கினால் மிச்சம் 4.90. கடைப் பையன் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்க 2 ரிங்கிட் ஆகும் என்றால் 2.90. ஒரே தாமானில் நான்கு வீட்டுக்கு ஒரே நடையில் கொடுத்தால் அந்த 2 ரிங்கிட்டும் நான்காகப் பிரியும். அதனால்தான் கெட்டிக்காரக் கடைகள் கிழமை வைத்துக்கொள்கின்றன: செவ்வாய் ஒரு தாமான், வெள்ளி இன்னொன்று.

அதற்காகச் செயலி வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. கடையின் பெயரே தெரியாத ஒருவர் முதல் முறை வாங்குவது அதன் வழியாகத்தான். அந்த 3 ரிங்கிட்டை விளம்பரச் செலவில் எழுதினால் கணக்குப் பொருந்துகிறது, அதே ஆள் மாதம் எட்டு முறை அதே வழியில் வாங்கினால் பொருந்தவில்லை. பொட்டலத்துக்குள் கடை எண் அச்சிட்ட அட்டை வைத்து அனுப்புவது பலர் கண்டுபிடித்த வழி. ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் படிப்பதில்லை.

மே 8, வெள்ளி

கட்டுப்பாடு தளர்கிறது, ஆனால் பினாங்கு படிப்படியாகத்தான் திறக்கும்.

கையில் காசு இல்லாத மாதம் என்பதால் 555 புத்தகம் கனத்துவிட்டது. மலேசியாவில் கடைக் கடன் எழுதும் சட்டைப்பை அளவு நோட்டுக்கு அந்தப் பெயர்தான். எல்லா இனத்தாருக்கும் தெரியும். கடைக்காரர்கள் அதைத் தலைவலியாகத்தான் நினைக்கிறார்கள்: யார் தரவில்லை, எவ்வளவு பாக்கி, எப்போது கேட்பது, கேட்டால் கோபித்துக்கொள்வாரோ.

அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தால், ஆளின் பெயர், இருக்கும் தாமான், வாங்கிய சாமான், வாங்கிய தேதி, காசு தந்த தேதி. பெரிய பேரங்காடிகள் உறுப்பினர் அட்டை கொடுத்து, புள்ளி கொடுத்து, தள்ளுபடி கொடுத்து வாங்குகிற விவரம் இதுதான். ஒருவர் மூன்று வாரமாக இட்லி மாவு வாங்கவில்லை என்பது புத்தகத்தைப் புரட்டினால் தெரியும். உடம்பு சரியில்லையா, வேறு கடைக்குப் போய்விட்டாரா என்று ஒரு போன் போட்டுக் கேட்கலாம். வாரம் 25 ரிங்கிட்டுக்கு வாங்கும் குடும்பம் ஆண்டுக்கு 1,300 ரிங்கிட் வியாபாரம். அது போய்விட்டால் அந்த இடத்தை நிரப்ப எத்தனை துண்டறிக்கை அச்சிட வேண்டும்?

ஒரு குறை உண்டு. காசு கொடுத்து வாங்குபவர் பெயர் அதில் இல்லை. கடனாளியைப் பற்றி எல்லாம் தெரிந்த கடைக்கு, ஒழுங்காகக் காசு கட்டுகிறவர் யார் என்றே தெரியாது.

ஜூன் 10, புதன்

முடிதிருத்தகங்கள் திறந்தன. மாநிலம் விட்டு மாநிலம் போகலாம். முடிதிருத்தும் அண்ணன்களுக்கு விளம்பரமே தேவைப்படவில்லை, வரிசை தானாக நின்றது.

ஜூலை 19, ஞாயிறு

மளிகைக் கடைகளில் கூட்டம் குறைந்துவிட்டது. ஏப்ரலில் வந்த புது முகங்கள் கார் ஏறிப் போய்விட்டன. அவர்கள் வாடிக்கையாளர்கள் அல்லர், வழியில்லாமல் வந்தவர்கள் என்று ஒரு பேச்சு. அதில் பாதிதான் சரி. மூன்று மாதம் கடைக்குள் வந்துபோனவர்களிடம் தொலைபேசி எண்ணை யார் கேட்டு வைத்தார்கள்? கேட்ட கடைகளுக்கு இன்னமும் கொஞ்சம் பேர் வருகிறார்கள்.

பெயர்ப்பலகை, இணைய வரைபடம் பற்றியும் சொல்லிவிடலாம். செபராங் பிறை மாநகராட்சியின் அனுமதி இல்லாமல் பலகை வைக்க முடியாது, அதில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும். கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்க்கக் காசு இல்லை. நேரம், எண், நான்கு நல்ல படங்கள் போதும். மூடியிருக்கும் நேரத்தில் "திறந்திருக்கிறது" என்று காட்டினால், வந்து ஏமாந்தவர் மறுபடி வரமாட்டார்.

செப்டம்பர் 30, புதன்

வங்கிக் கடனுக்குத் தந்த ஆறு மாத ஒத்திவைப்பு இன்றோடு முடிகிறது.

அக்டோபர் 25, ஞாயிறு

தீபாவளிக்கு மூன்று வாரம். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டைக்கு இப்போதே முன்பதிவு நடக்கிறது. இந்தத் தொழிலில் முன்பணம் வாங்குவதுதான் முதல் உத்தி. மாவும் எண்ணெயும் வாடிக்கையாளர் காசில் வாங்கப்படுகின்றன, சுட்டது மிஞ்சுவதில்லை. கடைசித் தேதியைச் சொல்லி, அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் மறுப்பது இரண்டாவது. சொந்தக்காரர்களிடம் இது நடப்பதில்லை என்பது வேறு கதை.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை ஒரு பட்டியல் வழியாக 256 பேருக்கு அனுப்பலாம். ஆனால் கடையின் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். வாடிக்கையாளர் எண்ணை வாங்கி வைத்தது பாதி வேலை. நம் எண்ணை அவர் சேமித்தாரா என்று கல்லாவில் நிற்கும்போதே பார்த்துக்கொள்வது மீதி.

டப்பாவில் பெயர் ஒட்டுவதை வீண் செலவு என்பவர்கள், 1908இல் பினாங்கில் ஒரு தமிழ்ப் பெயரோடு தொடங்கிய லிங்கம் மிளகாய்ச் சாற்றைப் பார்க்கலாம். மிளகாய், சர்க்கரை, வினிகர், உப்பு தவிர அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. உரிமையாளர் மாறினாலும் பெயர் மாறவில்லை, இன்று வெளிநாட்டுக் கடைகளிலும் கிடைக்கிறது.

நவம்பர் 9, திங்கள்

மறுபடி கட்டுப்பாடு, மாவட்டம் தாண்டத் தடை. கோலாலம்பூர்ப் பிள்ளைகள் தீபாவளிக்கு வரப்போவதில்லை. அவர்களுக்காகச் சொல்லிவைத்த டப்பாக்களைக் கூரியரில் அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்கள். முறுக்கு உடைந்து போய்ச் சேர்ந்தால் பழி சுட்டவர்மேல். அதிரசம் தாங்கும்.

2021 ஜனவரி 14, வியாழன்

பொங்கல். நேற்றிலிருந்து பினாங்கில் இரண்டாவது முறையாக முழு ஆணை. கரும்பு விற்றதா என்று கேட்காமல் இருப்பது நல்லது.

ஜூன் 1, செவ்வாய்

நாடு முழுவதும் அடைப்பு. சாப்பாட்டுக் கடை காலை 8 முதல் இரவு 8 வரை, பொட்டலம் மட்டும். முடிதிருத்தகம் மூடல். சென்ற ஆண்டு ஏப்ரலுக்கும் இப்போதுக்கும் வித்தியாசம் உண்டு. சில கடைகளில் எண்கள் எழுதிய நோட்டு இருக்கிறது, கல்லாவில் பணம் செலுத்த டூயிட்நவ் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது, தாமான் வாரியாகக் கிழமை இருக்கிறது. சில கடைகளில் பலகையை இறக்கிவிட்டார்கள். இரண்டாவது வகையில் நன்றாக நடந்த கடைகளும் உண்டு. வாடகைக்கு உத்தி கிடையாது.

மலேசிய நிறுவன ஆணையத்தில் தொழில் பதிவு காலாவதியானவர்கள் அடுத்த உதவித் திட்டம் அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. வீட்டிலிருந்தே இணையத்தில் புதுப்பிக்கலாம். இன்றே செய்துவிடுங்கள்.