பத்தாவது பாட்டு

கோயில் பணியில் இருந்து ஓய்வு பெற்றபின், தென்காசி பக்கத்து மேலகரத்தில் என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் நெஞ்சு கனத்துத்தான் வருகிறார்கள். பிள்ளைக்கு ஆப்பரேஷன், மகளுக்குக் கோர்ட்டில் வழக்கு, வட்டிக் கடன். திண்ணையில் உட்காருமுன்பே, "இதுக்கு எந்தப் பதிகம்யா?" என்று கேட்பார்கள். கிரகத்துக்குக் கோளறு பதிகம், காய்ச்சலுக்குத் திருநீற்றுப் பதிகம், வயிற்றுவலிக்கு அதிகைப் பதிகம் என்று மருந்துச் சீட்டு மாதிரி ஒரு பட்டியல் செல்போனில் சுற்றுகிறது. அந்தப் பட்டியல் மேல் எனக்குக் குறை இல்லை. அந்தப் பதிகங்கள் பிறந்ததே அப்படிப்பட்ட இக்கட்டில்தான். பொறுக்க முடியாதது அடுத்து வரும் பேச்சு: "மூணு பாட்டு போதும் ஓதுவாரே, நேரம் இல்ல."

சூலை என்னும் வயிற்றுவலியில் அப்பர் பாடிய அதிகைப் பதிகம் கொல்லிப் பண். இன்று நவரோசில் பாடுகிறோம். கீழ்ப் பஞ்சமத்துக்கும் நடுப் பஞ்சமத்துக்கும் இடையேதான் நடமாட்டம். மேல் ஷட்ஜத்துக்கு வேலையே இல்லை. குரல் வளமுள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய சோதனை. எங்கள் ஆசிரியர் ஒரு மழைக்காலம் முழுக்க இந்த ஒரு பதிகத்திலேயே எங்களை உட்கார வைத்தார். முதலில் பண்ணே கிடையாது, வெறும் வாசிப்பு. மூச்சு எங்கே வாங்கினால் சொல் உடையாது என்று அடி அடியாகக் காட்டினார். அப்புறம் தாளமில்லாத சுத்தாங்கம். பண்ணாங்கத்தில் தாளம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். சுத்தாங்கத்தில் பொருள் தெரியாதவன் இரண்டாம் அடியிலேயே அகப்பட்டுக்கொள்வான். யாராவது சங்கதி போட்டு மேலே ஏறினால் சுருதிப்பெட்டியை நிறுத்திவிடுவார். "ஏல, சூலை வந்தவன் சுருண்டு கெடப்பானா, கச்சேரி பண்ணுவானா?"

பத்தாவது பாட்டுக்கு மட்டும் பல நாள் போனது. அப்பர் பதிகத்தின் முடிவில் இராவணன் வருவது வழக்கம்தானே என்று அதை ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதிகையில் ஓட்டவே கூடாது. அதுவரை முறையீடு, வழக்காடல், உன்னை நான் மறக்கவில்லையே என்ற தவிப்பு. இங்கே வந்ததும், மலைக்கடியில் நசுக்கிய அரக்கனுக்கே இரங்கினாயே, அதை நினைத்துப் பார் என்று சுவாமியையே மடக்குகிறார். வலியில் உடம்பு உருண்டு துவள்வதும் இந்தப் பாட்டில்தான். மூன்றோடு நிறுத்தினால் மனுவைப் பாதி எழுதிக் கிழித்ததுதான்.

போன சாரல் சமயம் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், மகனை ஐசியூவில் விட்டிருந்த ஓர் அம்மாவுக்காக மெதுவாகப் பத்தையும் பாடினேன். சுருதிப்பெட்டி இல்லை. ஒன்பது பாட்டு வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவதில், "அவனுக்கே செஞ்சியே சாமி, எம்புள்ளைக்குச் செய்ய மாட்டியா?" என்று வாய்விட்டு அழுதார். அப்பர் கேட்டதும் அதேதான். அந்த அம்மாவுக்கு யாரும் பொருள் சொல்லிக் கொடுக்கவில்லை.

பட்டியலில் இல்லாத பதிகங்களும் உண்டு. நம்ம குற்றாலத்துக்குச் சம்பந்தர் பதிகம் இரண்டு. அவற்றில் ஒன்று கோயிலின் தலமரமான குறும்பலாவுக்கே உரியது. திருநீற்றுப் பதிகத்தின் அதே காந்தாரப் பண். எந்த நோய்க்கும் பட்டியலில் இல்லாததால் அதைக் கேட்டு ஒருவரும் வருவதில்லை.

இளம் ஓதுவார்கள் கீபோர்டும் எதிரொலியும் வைத்து ஒரு நிமிட வீடியோ போடுகிறார்கள். குரல் என்னுடையதைவிட நல்ல குரல். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. என்னிடம் வருகிற பாடசாலைப் பிள்ளைகள் அதிகைப் பதிகத்தின் முதல் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு, தேனாகப் பாடுகிறார்கள். பத்தாவதைக் கேட்டால் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.