சான்-செர்வானின் மாடிப்படிகள்

பிரான்சு நாட்டின் வடமேற்குக் கரையில், பிரித்தானிப் பகுதியில், கான்கால் என்னும் மீனவர் ஊர் உள்ளது. நம் கடலோரப் பங்குகளை அறிந்தோர்க்கு இவ்வூர் அந்நியமாய்த் தோன்றாது. 1792ஆம் ஆண்டு இங்குப் பிறந்தவரே புனித ழான் ழுகான் அம்மையார். அவருக்கு நான்கு வயது நிறையுமுன்னரே தந்தையாரைக் கடல் கொண்டது. கைம்பெண்ணான தாய் உழைத்து மக்களை வளர்த்தார்.

கான்காலிலிருந்து மேற்கே பயணம் செய்து சான்-செர்வானை அடைகிறோம். 1967இல் இது சான்-மாலோ நகரோடு இணைந்துவிட்டது. இவ்வூரில்தான், மாடியிலிருந்த சிறு குடியிருப்பு ஒன்றில், ழான் அம்மையார் வேறிரு பெண்களுடன் வாழ்ந்தார். 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கண்ணொளி இழந்து, உடலில் ஒரு பாகம் செயலற்று, பேணுவாரின்றித் தவித்த ஆன் ஷோவான் என்னும் மூதாட்டியைத் தம் கைகளில் சுமந்து அவர் மாடியேற்றினார். தம் படுக்கையை அவருக்கு அளித்துவிட்டுத் தாம் மேற்பரணில் படுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 47.

முதியோர் பலர் வந்து சேரவே அவ்வீடு போதவில்லை. 1841இல் பெரிய வீடொன்று வாடகைக்கு எடுக்கப்பட்டது. 1842இல் பழைய கன்னியர் மடமொன்று வாங்கப்பட்டது. அம்மையார் கூடையேந்தி வீடு வீடாய் இரந்து முதியோர்க்கு உணவளித்தார். இவ்வாறு வளர்ந்த ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1882இல் நம் நாட்டின் கொல்கத்தாவுக்கும் வந்தது. 1879இல் இறைவனடி சேர்ந்த அம்மையாரைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் புனிதராக அறிவித்தார்.

அம்மையார் அன்று கண்டவை இரண்டு: இம்மூதாட்டியால் தனித்து இயலாதவை எவை? அவற்றைச் செய்ய அருகில் இருப்பவர் யார்? நம் இல்லங்களுக்கும் இவையே அளவுகோல் என எண்ணுகிறோம். "ஊர் என்ன சொல்லும்?" என்று அஞ்சி, தாய் இருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னரே விழித்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு.

அடிக்கடி விழுதல், எரியும் அடுப்பை மறத்தல், மருந்தை இருமுறை உண்ணுதல், இரவில் வழிதெரியாது வெளியே நடத்தல், உடல் மெலிதல், குளிக்கவும் கழிப்பறை செல்லவும் பிறர் துணை வேண்டியிருத்தல் ஆகியவை அறிகுறிகள். எனினும் உடனே முடிவு செய்தல் ஆகாது. கண் புரை, செவித்திறன் குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, ஒவ்வாத மருந்து ஆகியவையும் இத்தகைய தளர்ச்சியைத் தரக்கூடும். இவை பெரும்பாலும் சிகிச்சைக்கு உட்பட்டவை. ஆதலின் முதலில் மருத்துவரை நாடுவோம். கைப்பிடிக் கம்பியும் பகல்நேரப் பணியாளரும் போதுமா என்றும் பார்ப்போம்.

அதன் பின்னும் இரவும் பகலும் ஒருவர் உடனிருக்க வேண்டியிருந்து, பேணும் மகளோ மருமகளோ உறக்கமிழந்து தாமே நோயுறுவாராயின், இல்லத்தைப் பற்றிப் பேசும் வேளை வந்துவிட்டது. அப்பேச்சில் முதியவரும் அமர வேண்டும். அவர் அறியாமல் முடிவு செய்து, விருந்துக்கு அழைத்துச் செல்வதுபோல் கொண்டுபோய் விடுதல் பெரும் கொடுமை. முன்னதாக அவரையே அழைத்துச் சென்று இல்லத்தைக் காட்டுவோம். இரவில் செவிலியர் உண்டா, திருப்பலிக்கு வழியுண்டா, உறவினர் எந்நேரமும் வரலாமா என்று கேட்டறிவோம். இயலுமாயின் சில வாரங்கள் மட்டும் தங்கிப் பார்க்கச் செய்வோம்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் முதியோரைக் கைவிடுதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. நான்காம் கட்டளையோ அதனினும் மேலானதைக் கேட்கிறது. இல்லத்தில் சேர்த்த பின்னும் வாரந்தோறும் சென்று காண்பதும், திருவிழா நாளில் வீட்டுக்கு அழைத்து வருவதும், பேரப்பிள்ளைகளை அவர்தம் அருகில் அமர்த்துவதும் நம் கடமையே. அக்கடமையில் தவறாதிருக்கப் புனித ழான் ழுகான் நமக்காக மன்றாடுவாராக!