அம்மாவின் இடக்கை

மார்பகப் புற்றுநோய் என்னும் சொல்லை எங்கள் செவ்வாப்பேட்டைத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "நெஞ்சுக் கட்டி" என்றே அம்மா சொன்னாள். வலிக்காததால் ஏழு மாதம் என்னிடம் மறைத்திருந்தாள். வலியில்லாமல் வளர்வதுதான் இந்நோயின் வஞ்சகம்!

செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் விடியலில் மின்ரயில் ஏறிச் சென்ட்ரல். அங்கிருந்து பேருந்தில் அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954-இல் எழுந்த மருத்துவமனை அது.

அறுவையின்போது அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். நிணநீர் வடிய வழி குறைந்தால் கை வீங்கக்கூடும். ஆகவே இடக்கையில் ஊசி போடலாகாது, குடம் தூக்கலாகாது என்றார்கள். வகுப்பில் நான் படமாக வரைந்த நிணநீர் மண்டலம், வீட்டில் தண்ணீர்க் குடமாக வந்து நின்றது. இப்போது குழாயடி வரிசையில் நான்தான். பெண்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள், சிரிக்கட்டும்.

சிவப்பு மருந்து ஏற்றிய அன்று அம்மாவுக்குச் சிறுநீரும் சிவந்து போயிற்று. இரத்தமோ என்று நடுங்கியவள், மகனிடம் சொல்லக் கூசி மாலைவரை பேசவேயில்லை. அது மருந்தின் நிறம் என்று நர்ஸம்மா முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். சொன்னதும் அழுதாள்.

சென்ற வாரம் எதிர்வீட்டு அக்காள் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் நெடுநேரம் பேசினார். வரும் செவ்வாயன்று எங்களோடு அவரும் வருகிறார்.