நல்ல மரணமும் கல்லறைச் சுவரும்

சாவுக்கு ஆயத்தம் செய்வது எப்படி என்று கத்தோலிக்கர்களான எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தருகிறார்கள். ஜெபமாலையில் ஒவ்வொரு அருள்நிறை மணிக்கும், மரண வேளையில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி மாதாவைக் கேட்கிறோம். நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர். படுக்கையில் விழுந்தால் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, எண்ணெய் பூசி, நன்மை கொடுப்பார். எங்கள் பாட்டிமார் 'அவஸ்தைப் பூசுதல்' என்றதை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 'நோயில் பூசுதல்' என்கிறோம். செத்த பிறகும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காகப் பூசை வைக்கிறோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியும் பூவும் கொண்டு போகிறோம்.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 திருவிழா வரை காவி உடுத்தி நடந்து வரும் கூட்டத்தில் யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. அங்கே நின்று வேண்டும்போது எங்களுக்கும் நிம்மதிதான். ஆனால் கிராமத்திலிருந்து பிழைக்க வந்து இங்கேயே வயசாகிப்போன எங்கள் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினால், அவர்களுக்கு நரகத்தைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. "ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்கப்பா, இங்கயே எங்கயாவது பொதைச்சிடுங்க" என்பதுதான் கவலை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கருக்குத் தனிக் கல்லறை, தனிச் சவ வண்டி. கோயிலுக்குப் போகும் நேர்வழியும் அவர்களுக்கு இல்லை. தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்கள் தலித் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. திருச்சி மேலப்புதூர் கல்லறையிலோ நடுவில் சுவர் வைத்தே எங்களைப் பிரித்தார்கள். ஒரே ஞானஸ்நானம், ஒரே நன்மை, ஆனால் ஒரே மண் இல்லை.

1950 ஜனாதிபதி ஆணை கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியல் சாதியில் சேர்க்காது. மதம் மாறினால் சாதி போய்விடுமாம். கல்லறைக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோம்: பாவத்தை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி எடுப்பது, குருவிடம் சொல்வது, பரிகாரம் செய்வது. சாகப்போகும் கிழவியிடம் திருச்சபை இந்த ஐந்தையும் கேட்கிறது. நாங்கள் அதே ஐந்தைத் திருச்சபையிடம் கேட்கிறோம். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தன் தலித் கொள்கை அறிக்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. நாட்டின் சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் அதுவே சொன்னது. ஆக, பாவத்தைச் சொல்லியாயிற்று. பரிகாரம் எங்கே?

லாசர் உவமையை நினைத்துப் பாருங்கள். செத்த பிறகு பணக்காரனுக்கும் லாசருக்கும் நடுவே தாண்ட முடியாத பிளவு. அது வானத்தில் புதிதாக வெட்டியது அல்ல, பணக்காரன் உயிரோடிருந்தபோது தன் வாசலிலேயே வெட்டியது. கல்லறையில் சுவர் வைத்தவர்கள் மறுமையில் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதை அவர்களே யோசிக்கட்டும்.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு மந்திரிக்க வரும் சாமியாரிடம் உங்கள் பங்கில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரே வழியா, ஒரே வண்டியா, ஒரே கல்லறையா? மூன்றுக்கும் 'ஆம்' வரும்வரை நல்ல மரணத்துக்கான ஆயத்தம் முடியாது, எங்களுக்கும் சரி, அவர்களுக்கும் சரி.