குண்டுமல்லி விருப்ப ஓய்வு கேட்கிறாளாமே!

அன்புத் தோழிக்கு,

பேத்தி தவழ ஆரம்பிச்சுட்டாளா?

சேதி உனக்கும் வந்திருக்கும். நம்ம ஹாஸ்டல் குண்டுமல்லி வி.ஆர்.எஸ். எழுதிக் குடுக்கப் போறா. மருமகளோட ஒத்துப்போகலைன்னு ஒருத்தி சொல்றா, மகன் கடைக் கல்லாவுல உட்காரப் போறான்னு இன்னொருத்தி. ரெண்டும் புளுகு. நேர்ல பார்த்துட்டுத்தான் எழுதறேன்.

அவளோடது ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர்னு கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. வகுப்பு என்னவோ அஞ்சு! ஹெச்.எம். மீட்டிங்குக்குக் கிளம்பிட்டா அஞ்சும் இவ தலையில. காலையில எமிஸ் ஆப்ல அட்டெண்டன்ஸ் போடணும், வகுப்புக்குள்ள டவர் கிடையாது. போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு புளியமரத்தடியில நிப்பா. வாண்டுங்க வாசல்ல எட்டிப் பார்த்து, "டீச்சர், வந்துடுச்சா?"ன்னு கேட்குதுங்களாம். டவரைத்தான்!

வகுப்பைத் தனியா விட்டுப் போகமுடியாதுன்னு பகல்ல தண்ணியே குடிக்கிறதில்ல. யூரின் இன்ஃபெக்ஷன் வந்து வந்து போகுது. குரலும் கரகரன்னு ஆயிடுச்சு. ஹாஸ்டல்ல பாட்டுப் பாடியே நம்மளைத் தூங்கவிடாதவ!

இதுல 2025 நவம்பர் 4-லேர்ந்து வாக்காளர் பட்டியல் திருத்தம் வேற வந்துச்சு. பள்ளி விட்டதும் ஃபாரக் கட்டோட தெருத்தெருவா அலைஞ்சா. டீச்சருக்கு வேற வேலை குடுக்கக்கூடாதுன்னு அதே சட்டத்துல 27-ஆவது பிரிவு இருக்கு. ஆனா தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் மூணுக்கும் விலக்கு. அப்புறம் மிச்சம் என்னடி இருக்கு?

அவளுக்கு இன்னும் ஏழு வருஷ சர்வீஸ். அதனால 2025 செப்டம்பர் 1-ல உச்ச நீதிமன்றம் சொன்னபடி ரெண்டு வருஷத்துல டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணியாகணும். எப்பப் படிப்பா? ராத்திரி வாட்ஸ்அப் குரூப்ல "உடனே அனுப்பவும்"னு வந்து விழுந்துக்கிட்டே இருக்கு.

பாடம் நடத்தறதுல மட்டும் அலுப்பே இல்ல அவளுக்கு. எழுத்துக் கூட்டத் தெரியாத பையன் ஒருத்தன் பஸ் போர்டைப் படிச்சதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்கணுமே! இவளை மாதிரி ஆளுக்கு யோகாவும் கவுன்சலிங்கும் எதுக்கு? பதிவு வேலைக்கு ஒரு கிளார்க்கைப் போட்டா பாதி நோய் தீர்ந்துடும்.

வி.ஆர்.எஸ். கடிதம் இன்னும் ஆபீசுக்குப் போகலை. நீ சொன்னா கேட்பா, ஒரு போன் போடு. ஒன்பதரைக்கு மேல போடு, அதுவரைக்கும் பதிவு வேலையில இருப்பா.

உன்
பழைய ரூம்மேட்