சுரைக்கொடியும் கிணற்றுக் கயிறும்

என் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் முதல் தோட்டம் கிடைத்தது. தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏலகிரி மலைமேல் நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் பின்பக்கம் இரண்டு சென்ட் மண். அதுவும் எங்களுடையது அல்ல. 'சும்மாதானே கெடக்குது, எதுனா போட்டுக்கோங்க' என்று வீட்டுக்காரம்மா சொன்ன மண். 2025 தை மாதக் கடைசியில் அம்மா ஒரு துணி மூட்டையோடு மலையேறி வந்தாள். மூட்டையில் இரண்டு புடவை, சர்க்கரை மாத்திரை, பழைய துணியில் முடிந்த கொஞ்சம் சுரை விதை. விதை அத்தை வீட்டிலிருந்து கேட்டு வாங்கியது. எங்கள் காலனியில் சுரைக்கொடி இல்லாமல் போய் வெகு காலம் ஆகிறது.

இங்கே மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது என் வேலை. வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் காலனி கீழே, வாணியம்பாடிப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். சின்ன வயதில் அந்த மலைமேல் எங்களுக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. இப்போது வாரம் ஒரு முறை பஸ்ஸில் ஏறி இறங்குகிறேன். மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு அந்தப் பலகைகள் கண்ணில் படாமல் போகாது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும் அதில் இருக்கிறார். பரீட்சையில் பாரியின் கொடைச் சிறப்பைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு கொடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது.

முதலில் கீழே இருக்கிற தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வரும். உள்ளே வந்ததும் முதல் வேலை அந்த உப்பை உதறுவது. அம்மா இருபத்திரண்டு வருஷம் உப்பு உதறினாள். உதறியது போக மிச்ச உப்பு, தோலை ஊறப்போடும்போது தண்ணீரில் கரைந்துவிடும். பிறகு சுண்ணாம்பு, பிறகு குரோமியம். குரோமியத்தைப் பிரித்தெடுக்கலாம், சேற்றை வடிக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் போகாது. அது வாய்க்காலில் ஓடி, பாலாற்று மணலில் இறங்கி, கிணற்றில் ஊறும். உப்பையும் பிரித்து எடுக்கிற ஏற்பாடெல்லாம் வருவதற்கு முன்பே எங்கள் கிணறு போய்விட்டது.

அந்தக் கிணறு தித்திப்பாக இருந்த காலத்தை ஆயா சொல்லும். குடிசைக்கு ஒரு சுரைக்கொடி, கூரைமேல் ஏறிப் படர்ந்து கிடக்குமாம். குழம்புக்கு இல்லாத நாளில் கூரையில் கை நீட்டினால் போதுமாம். எனக்கு நினைவு தெரிந்தபோது கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அந்த மண்ணில் தானாக முளைத்துத் தழைத்தது சீமைக்கருவேல் ஒன்றுதான்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்புச் சொன்னது. இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டதாக அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. அதற்கென்று அமைத்த ஆணையம் 29,193 பேர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கெடுத்து, சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2001இல் சொன்னது. கணக்கு நிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. எங்கள் தெருவில் நிலம் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. தோலோடு நின்றவர்களும் அந்தக் கிணற்றைக் குடித்தவர்களும்தான் இருந்தோம். 2025 ஜனவரி 30இல் உச்சநீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்புச் சொன்னது. இழப்பீட்டைக் கொடுத்து முடிக்க வேண்டும், கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கிற வரைக்கும் கெடுத்தவர் பொறுப்பு தீராது என்றது. பேப்பரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விரலெல்லாம் வெடித்துத் தழும்பு ஏறிய கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நெலத்துக்குக் குடுக்கிறாங்க, சரி. இந்தக் கைக்கு யாரு குடுப்பா?"

மாசி முதல் வாரத்தில் அம்மா மண்ணைக் கொத்த ஆரம்பித்தாள். கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பார்த்து, துப்பாமல் விழுங்கினாள். "இதுக்கு உசுரு கீது" என்றாள். சுரை, வெண்டை, கொத்தவரை, ஓரமாகத் தண்டுக்கீரை. கீரை நாலாம் நாள் முளைத்தது. சுரை ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. போட்ட ஏழில் ஐந்து முளை. முளைத்த அன்று என்னை விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிப் போய்க் காட்டினாள். விதைத்தோலைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு இரண்டு இலை நின்றது. பங்குனி பிறப்பதற்குள் ஒரு முளையை நத்தை தின்றது, இன்னொன்றைக் குரங்கு பிடுங்கிப் போட்டது. மிச்சம் மூன்று.

இதுவரை நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. தோழர்கள் வாசிக்கிற பத்திரிகையில் எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது.

அந்தக் கிணற்றில் நாங்கள் இறைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த முதல் நாளே வீட்டுக்காரம்மா பக்குவமாகச் சொன்னார்: "தண்ணி வேணும்னா கூப்பிடு கண்ணு, நானே எறைச்சு ஊத்துறேன்." நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். அவர் ஊற்றுவார். இரண்டு வருஷம். அவர் என்ன சாதி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அது அந்தச் சாதியின் குணம் என்று வாசித்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகப் போய்விடுவார்கள். காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுக்கிற நல்ல மனுஷிதான் அவர். மேடையில் தீண்டாமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற நான் ஏன் வாய் திறக்கவில்லை? இந்த வீடு போனால் வேறு வீடு கிடைக்காது, வகுப்பு நின்றுவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் உண்மைதான். ஆனால் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிற பழக்கம் என் காலுக்கே வந்துவிட்டது என்பதும் உண்மை.

நம்மிடம் வீடு இருந்ததே தவிர வீட்டடி மண் நம்முடையதாக இருந்ததில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்கீர் 1891இல் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் இதைச் சொல்லியிருக்கிறார். எதிர்த்துப் பேசினால் மனையை விட்டே துரத்தலாம் என்கிற பயத்தை வைத்தே மிராசுதார்கள் நம் ஆட்களைக் கட்டிப்போட்டார்கள். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லித் தருகிறேன். வாடகை ரசீது கையில் வைத்திருக்கிற எனக்கும் அதே மனைப் பயம்தான்.

பங்குனி முதல் வாரத்தில் வீட்டுக்காரம்மாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் வெளியே வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. சுரைக்கொடி இலையைத் தொங்கப் போட்டுவிட்டது. அன்று மாலை வகுப்பு முடிந்து வந்து பார்க்கிறேன், பாத்தியெல்லாம் ஈரம். அம்மா கிணற்றடியில் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு கலங்கியது.

"கேட்டியாம்மா?"

"யாரைக் கேக்கணும்? செடி வாடுது. கெணத்துல தண்ணி கீது, கயிறு கீது, எனக்குக் கை கீது. இன்னாத்துக்குமே கேக்கணும்?"

அந்த வாரத்தில்தான் மார்ச் 20 வந்தது. 1927இல் அதே நாளில் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு மகாத் தெரியாது. அவள் கொடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

காய்ச்சல் விட்டு எழுந்து வந்த வீட்டுக்காரம்மா ஈரப் பாத்தியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் அம்மாவே இறைத்தாள். ஒரு வாரம், இரண்டு வாரம். கொடி பந்தலில் ஏறியது. பங்குனிக் கடைசியில் பூ. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும், வெள்ளையாக. முதலில் வந்ததெல்லாம் ஆண் பூ, அப்படியே உதிர்ந்தது. பிறகு பிஞ்சோடு பெண் பூ வந்தது, பிஞ்சும் வெம்பி விழுந்தது. வீட்டுக்காரம்மாதான் பந்தலுக்கு வந்து, ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளி, பெண் பூவின் நடுவில் எப்படித் தடவ வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு பேரும் பந்தலுக்குக் கீழே தலையை அண்ணாந்து நிற்பார்கள். எதோ மாறிவிட்டது என்று நான் டைரியில் எழுதி வைத்தேன்.

சித்திரையில் அவர் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்தார்கள். அம்மா இறைப்பதை ஒருவர் பார்த்துவிட்டார். உள்ளே சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் கிணற்றில் உருளை மட்டும் இருந்தது. கயிறு இல்லை.

நான் போய்க் கேட்டேன். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டேன். "என் கையில இல்ல கண்ணு, நான் ஊத்துறேனே, எத்தினி கொடம் வேணும்னாலும் ஊத்துறேனே" என்றார். கண் கலங்கியிருந்தது. "ஊத்த வேணாம்மா, கயிறு குடுங்க" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அது பொதுக் கிணற்றைப் பற்றிப் பேசுகிறது. இது வாடகை வீட்டின் சொந்தக் கிணறு. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. கயிறு மட்டும் வீட்டுக்குள்ளே போய்விட்டது.

அவர் ஊற்றின தண்ணீரை அம்மா அதற்குப் பிறகு வாங்கவில்லை. தெருக் குழாயில் விட்டுவிட்டு வருகிற தண்ணீரைப் பிடித்துச் சமைத்தோம். பாத்திரம் கழுவினது, அரிசி களைந்தது எல்லாம் கொடிக்குப் போனது. வெண்டை காய்ந்தது. கொத்தவரை பூவோடு நின்றுவிட்டது. சுரையில் பதினொரு பிஞ்சு பிடித்ததில் எட்டு உதிர்ந்தது. மூன்று நின்றது.

அந்த நேரத்தில்தான் காலனித் திருவிழாவுக்காகக் கீழே இறங்கினோம். மலைவீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில் முளைத்திருந்த நாலு கன்றை அம்மா மண்ணோடு பெயர்த்து எடுத்து வந்து எங்கள் வீட்டு ஓரத்தில் நட்டாள். காலனிக் கிணற்றில் எங்களை யாரும் தடுக்க மாட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறைக்கலாம். பக்கத்து வீட்டுச் சின்னம்மாவிடம் ஊற்றச் சொல்லிவிட்டு வந்தோம். மூன்று வாரம் கழித்துப் போனால் இலை நுனியெல்லாம் நெருப்பில் காட்டின மாதிரி கருகியிருந்தது. அடியில் வெள்ளைப் பூப்பு. மூன்று செத்துவிட்டது. ஒன்றை மட்டும் சின்னம்மா பழைய பெயின்ட் டப்பாவில் எடுத்து வைத்து, குழாயில் வருகிற காவிரித் தண்ணீரில் ஒரு சொம்பு ஊற்றிக் காப்பாற்றியிருந்தார். குடிக்கிற தண்ணீரில் பங்கு கொடுத்து ஒரு கன்று.

அம்மா அந்தக் கிணற்று மேடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "மேல நல்ல தண்ணி, கயிறு இல்ல. இங்க கயிறு கீது, தண்ணி இல்ல. நம்மள எங்க பொழைக்கச் சொல்றானுங்க?"

இதை நான் பத்துக் கட்டுரையில் சொல்ல முயன்றிருக்கிறேன். சூழலியல் பேசுகிற நண்பர்கள் மண்ணையும் ஆற்றையும் பேசுகிறார்கள், அவர்கள் பேச்சில் கிணற்றுக்குச் சாதி இல்லை. தீண்டாமையைப் பேசுகிற நாம் கிணற்றைத் தொடுகிற உரிமையைக் கேட்கிறோம், தொட்ட பிறகு அதில் என்ன தண்ணீர் இருக்கிறது என்று கேட்கப் பிந்திவிட்டோம். இரண்டும் ஒரே கிணறு. உப்பை உதறிய கையும் கயிற்றைத் தொடக்கூடாத கையும் ஒரே கைதான்.

நின்ற மூன்று சுரைக்காயில் இரண்டைக் குழம்பு வைத்தோம். ஒன்றை விதைக்கு விட்டோம். ஆடியில் அது காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகல என்றது. அம்மா உடைத்து விதையைச் சாம்பலில் புரட்டினாள். வீட்டுக்காரம்மா வந்து தயங்கி நின்று, கொஞ்சம் விதை கேட்டார். முந்தானையை விரித்தார், மேலேயிருந்து போடட்டும் என்று. அம்மா போடவில்லை. விதையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "கையில இருந்து எடுத்துக்கோம்மா" என்றாள். அவர் வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டார்.

கயிறு இன்னும் வெளியே வரவில்லை. போன வாரம் கீழே போனபோது ஆம்பூர் கடைத்தெருவில் முப்பது முழம் தேங்காய் நார்க் கயிறு வாங்கி வந்திருக்கிறேன். உருளை கிணற்றில்தான் இருக்கிறது. மாசியில் மறுபடி விதை போட வேண்டும்.